வாசிக்கத் தெரிகிறது, விளங்குகிறதா?

தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொற்பொருள் கற்றுக்கொடுப்பது பற்றிப் பெற்றோர்களுக்குச் சில விளக்கங்கள்



மூன்றாம் வகுப்பு படிக்கும் உங்கள் பிள்ளையிடம் தமிழ்ப் புத்தகத்தைக் கொடுத்து ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லுங்கள். தடங்கல் இல்லாமல் வாசித்துவிட்டால் நமக்கு மனம் குளிர்ந்துவிடும். இப்போது புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, "என்ன வாசிச்ச, உன் வார்த்தையில சொல்லு" என்று கேளுங்கள். சில பிள்ளைகள் கதையை அழகாகச் சொல்லிவிடும். பல பிள்ளைகள் விழிக்கும். இன்னும் சில, வாசித்த வரியையே மனப்பாடமாகத் திருப்பிச் சொல்லும். வாசிப்பு இருக்கிறது, விளக்கம் இல்லை என்பதற்கு இதுவே அடையாளம்.

முதல் இரண்டு வகுப்புகளில் இந்தக் குறை வெளியே தெரியாது. பாடம் சின்னது, படம் பெரியது, கேள்விகளும் எளிது. நான்காம் வகுப்புக்கு மேல் அறிவியல், சமூக அறிவியல் பாடங்கள் நீளும்போதுதான் பிள்ளை தடுமாறும். ஆறாம் வகுப்பில் பின்வாங்கும். எட்டு, ஒன்பதில் "எனக்குப் படிப்பு வரல" என்று தானே முடிவு கட்டிவிடும். பிறகு மில்லுக்கோ கடைக்கோ வேலைக்குப் போகிற பேச்சு வீட்டில் தொடங்கும். அந்தப் பிள்ளைக்கு அறிவு குறைவில்லை. சின்ன வயதில் சேர்க்க வேண்டிய சொற்களை யாரும் சேர்த்துக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். எட்டு வயதுக்குள் எளிதாகச் சரிசெய்யக்கூடிய ஒரு குறை, பதினான்கு வயதில் படிப்பையே நிறுத்துகிற காரணமாக வளர்ந்துவிடுகிறது.

எழுத்து ஒன்று, பொருள் ஒன்று

இதை நம் சமுதாயத்துப் பெற்றோர்களுக்கு விளக்குவது எளிது. நம் பிள்ளைகள் மதரஸாவில் அரபி எழுத்துகளைக் கற்று, குர்ஆனைத் திருத்தமாக ஓதுகிறார்கள். ஏழு வயதுப் பிள்ளை அழகாக ஓதுகிறது. ஆனால் ஓதிய வசனத்தின் பொருள் என்னவென்று கேட்டால் அதற்குத் தெரியாது. அதைப் பொருளோடு விளங்கிக்கொள்ள தர்ஜுமா வேண்டும், விளக்கம் சொல்லும் ஹஜ்ரத் வேண்டும் என்பதை நாம் எல்லாரும் அறிவோம். எழுத்துக்கூட்டி ஒலிப்பது ஒரு திறமை, பொருள் விளங்குவது வேறொரு திறமை என்பது நமக்குப் பழகிய உண்மை.

இதே உண்மை தமிழ்ப் பாடத்துக்கும் பொருந்தும் என்பதைத்தான் மறந்துவிடுகிறோம். தமிழ் நம் தாய்மொழி, எழுத்து தெரிந்துவிட்டால் பொருள் தானாக வந்துவிடும் என்று நினைக்கிறோம். கல்வி ஆய்வாளர்கள் ஃபிலிப் காஃப், வில்லியம் டன்மர் இருவரும் 1986-இல் இதை ஒரு பெருக்கல் கணக்காகவே சொன்னார்கள். எழுத்தைக் கூட்டி வாசிக்கும் திறன் ஒரு எண். காதால் கேட்டால் விளங்கிக்கொள்ளும் மொழியறிவு இன்னொரு எண். இரண்டையும் பெருக்கினால் வருவதுதான் வாசித்துப் புரிந்துகொள்ளும் திறன். இரண்டில் எது பூஜ்யமானாலும் விடை பூஜ்யம். எழுத்துப் பயிற்சியை மட்டும் இரட்டிப்பாக்கினால் இந்தக் கணக்கு சரியாகாது.

நாட்டில் பிள்ளைகளின் வாசிப்பை அளக்கும் ஆய்வுகளில் பலருக்கும் தெரிந்தது, பிரதம் அமைப்பு 2005-இல் தொடங்கிய 'ஏசர்' அறிக்கை. வீடு வீடாகப் போய், எழுத்து, சொல், முதல் வகுப்புப் பத்தி, இரண்டாம் வகுப்புக் கதை என்று படிப்படியாகப் பிள்ளைகளை வாசிக்கச் சொல்லிப் பார்க்கிறார்கள். மிகவும் தேவையான ஆய்வு. ஆனால் அந்தப் படிகள் வாய்விட்டு வாசிப்பதை அளக்கும் படிகள். அந்தக் கதையை வாசித்துவிட்ட பிள்ளைக்கும் அதற்கடுத்து ஒரு படி இருக்கிறது. அதை வீட்டில் நாம்தான் பார்க்க வேண்டும்.

கணக்குப் பாடத்திலும் சொல்தான் தடை

சொற்பொருள் தமிழ்ப் பாடத்துக்கு மட்டும் உரியது என்று நினைக்க வேண்டாம். இந்தக் கணக்கைப் பாருங்கள்:

"ஒரு தோப்பில் 48 தேங்காய்கள் பறிக்கப்பட்டன. அவற்றுள் 15 அழுகிவிட்டன. மீதமுள்ளவற்றை மூவர் சமமாகப் பகிர்ந்துகொண்டால் ஒருவருக்குக் கிடைப்பவை எத்தனை?"

பிள்ளை இதை வாசித்துவிட்டு, "கூட்டணுமா, கழிக்கணுமா?" என்று கேட்கும். அதே கணக்கை வாயால் சொல்லிப் பாருங்கள்: "48 தேங்காயில 15 அழுகிப்போச்சு. மிச்சத்த மூணு பேரு சரிசமமா பிரிச்சுக்கிட்டா ஆளுக்கு எத்தன?" கொஞ்சம் யோசித்துவிட்டு "பதினொண்ணு" என்று சொல்லிவிடும். அந்தப் பிள்ளைக்குக் கணக்கு வரும். 'அவற்றுள்', 'மீதமுள்ள', 'மூவர்', 'பகிர்ந்து' என்ற நான்கு சொற்கள்தான் வரவில்லை. அந்த நான்கு சொற்களுக்காக, "இவனுக்குக் கணக்கே ஏறாது" என்ற பெயரை வாழ்நாள் முழுவதும் சுமக்க வைக்கிறோம்.

வீட்டுத் தமிழும் புத்தகத் தமிழும்

நாம் வீட்டில் பேசும் தமிழ் ஒன்று, புத்தகத்தில் அச்சிடப்படும் தமிழ் வேறொன்று. 'கெணறு' என்று பேசுகிற பிள்ளை 'கிணறு' என்று வாசிக்க வேண்டும். 'எல' என்பது 'இலை' ஆகிறது, 'தொவை' என்பது 'துவை' ஆகிறது. இவை ஒலி மாறும் சொற்கள். ஒன்றிரண்டு முறை காட்டிவிட்டால் பிள்ளை பிடித்துக்கொள்ளும்.

முழுதாக வேறாக இருக்கும் சொற்கள்தான் கடினம். நாம் 'ராத்திரி' என்போம், புத்தகம் 'இரவு' என்னும். 'சந்தோஷம்' அங்கே 'மகிழ்ச்சி'. 'மிருகம்' அங்கே 'விலங்கு'. 'சீக்கிரம்' அங்கே 'விரைவாக'. 'மிச்சம்' அங்கே 'மீதம்'. நம் பக்கத்தில் 'கண்மாய்' என்று சொல்வதைப் புத்தகம் 'ஏரி' என்று சொல்லலாம். கண்மாய்க் கரையிலேயே வளரும் பிள்ளை, ஏரி என்பது எங்கோ தூரத்தில் இருக்கும் ஒன்று என்று நினைத்துக்கொள்ளும்.

இன்னொரு வகை, பார்த்தால் தெரிந்த சொல்லாக இருந்தே ஏமாற்றும் சொற்கள். இராஜபாளையம் மில்லில் அத்தா வேலை பார்க்கும் பிள்ளைக்கு 'நூல்' என்றால் கண்முன் வருவது பஞ்சில் நூற்ற நூல். பாடத்தில் 'சிறந்த நூல்களைக் கற்போம்' என்று வந்தால் அது குழம்புமா, குழம்பாதா? 'ஞாயிறு' என்றால் விடுமுறை நாள். பாடத்தில் அது சூரியன். 'திங்கள்' என்றால் பள்ளி தொடங்கும் நாள். பாடத்தில் அது நிலவும், மாதமும். 'மாலை' பொழுதும் ஆகும், கழுத்தில் போடுவதும் ஆகும். 'ஆறு' எண்ணும் ஆகும், ஓடும் நீரும் ஆகும், சூடான பாலுக்குச் சொன்னால் 'சூடு தணி' என்றும் ஆகும். பிளவக்கல் 'அணை' நமக்குத் தெரியும். 'விளக்கை அணை' என்பதும் தெரியும். 'தாய் பிள்ளையை அணைத்தாள்' என்பதும் வரும்.

இது தமிழுக்கு மட்டும் உள்ள நிலை அன்று. அரபு நாடுகளிலும் வீட்டில் பேசும் அரபி வேறு, புத்தக அரபி வேறு. 1993-இல் தீனா ஃபைட்டல்சனும் அவருடன் பணிசெய்த ஆய்வாளர்களும் வெளியிட்ட ஓர் ஆய்வு நமக்குப் பயன்படும். இஸ்ரேலில் வாழும் அரபுக் குழந்தைகளுக்கு, அவர்கள் எழுத்துப் படிக்கத் தொடங்கும் முன்பே, மழலையர் வகுப்பில் புத்தக அரபியில் கதைகளைச் சில மாதங்கள் நாள்தோறும் வாசித்துக் காட்டினார்கள். சின்னப் பிள்ளைகளுக்குப் புத்தக மொழி விளங்காது என்றுதான் பலரும் நினைத்திருந்தார்கள். ஆனால் கதை கேட்ட பிள்ளைகள், கேட்காத பிள்ளைகளைவிட, கேட்டுப் புரிந்துகொள்வதில் நன்றாக முன்னேறியிருந்தார்கள். புத்தக மொழியைக் காதால் கேட்டுப் பழகிய பிள்ளைக்கு, அதைக் கண்ணால் வாசிக்கும் நாளில் அது அந்நியமாக இருப்பதில்லை. நாமும் செய்ய வேண்டிய முதல் காரியம் இதுதான்: நாள்தோறும் பத்து, பதினைந்து நிமிடம் புத்தகக் கதையைப் புத்தகத் தமிழிலேயே வாசித்துக் காட்டி, இடையிடையே நம் பேச்சில் விளக்குவது.

அருஞ்சொற்பொருள் பட்டியல் மட்டும் போதாதா?

பழங்காலத் திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் நிகண்டை மனப்பாடம் செய்தார்கள். ஒரு பொருளுக்கு உள்ள பல பெயர்களைச் செய்யுளாகக் கட்டிவைத்த நூல் அது. 1732-இல் வீரமாமுனிவர் சதுரகராதியில் சொற்களை அகர வரிசைப்படி அடுக்கிக் கொடுத்தார். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ் லெக்சிகனில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள் உள்ளன. சொல்லைத் தொகுத்து வைப்பதில் தமிழுக்குக் குறையே இல்லை.

ஆனால் தொகுத்து வைத்திருப்பது ஒன்று, ஏழு வயதுப் பிள்ளையின் மனதில் அது ஊன்றுவது ஒன்று. பாடத்தின் முடிவில் உள்ள 'பொருள் அறிவோம்' பட்டியலைப் பத்து முறை எழுதச் சொன்னால், 'கதிரவன் – சூரியன்' போன்ற சொற்களுக்கு அது வேலை செய்யும். தெரிந்த பொருளுக்கு ஒரு புதுப் பெயர், அவ்வளவுதான். 'பெருமிதம்', 'தயக்கம்', 'விளைவு' போன்ற சொற்களுக்கு அது உதவாது. 'தயக்கம் – தடுமாற்றம்' என்று எழுதிவைத்தால், தெரியாத ஒரு சொல்லுக்குப் பதில் தெரியாத இரண்டு சொற்கள் ஆகிவிடும்.

அப்படிப்பட்ட சொல்லுக்கு ஒரு சின்ன நிகழ்ச்சியைச் சொல்ல வேண்டும். "நம்ம வீட்டு வாசல்ல புதுசா ஒரு பையன் வந்து நின்னான். உள்ள வரலாமா, வேணாமான்னு யோசிச்சுக்கிட்டே நின்னான். அதுதான் தயக்கம்." "தங்கச்சி முதன்முதலா ஒரு நோன்பு முழுசா பிடிச்சு முடிச்சப்ப அத்தா முகத்துல ஒண்ணு தெரிஞ்சுச்சே, அதுதான் பெருமிதம்." பிள்ளை தான் பார்த்த ஒன்றோடு சொல்லைக் கட்டிக்கொண்டால் பிறகு அவிழாது.

எந்தச் சொற்களைக் கற்றுக்கொடுப்பது?

எல்லாச் சொற்களையும் கற்றுக்கொடுக்க யாராலும் முடியாது. அமெரிக்காவின் இசபெல் பெக், மார்கரெட் மெக்கியூன், லிண்டா குகன் என்ற மூன்று கல்வியாளர்கள் 2002-இல் வெளியிட்ட நூலில் சொற்களை மூன்று வகையாகப் பிரித்துக் காட்டினார்கள். நாம் அவற்றை மூன்று கூடைகளாக வைத்துக்கொள்ளலாம்.

முதல் கூடை, அன்றாடச் சொற்கள்: சோறு, வீடு, ஓடு, கை, பூனை. இவை தானாக வந்துவிடும், மெனக்கெட வேண்டாம்.

மூன்றாம் கூடை, ஒரு பாடத்துக்கு மட்டும் உரிய சொற்கள்: ஒளிச்சேர்க்கை, முக்கோணம், தீபகற்பம். அந்தப் பாடம் வரும்போது ஆசிரியர் நடத்துவார்.

நடுவில் உள்ள இரண்டாம் கூடைதான் நம் கவனத்துக்கு உரியது. எல்லாப் பாடங்களிலும் வரும், ஆனால் வீட்டுப் பேச்சில் அதிகம் வராத சொற்கள் இவை: ஒப்பிடு, வேறுபாடு, வரிசைப்படுத்து, காரணம், விளைவு, முயற்சி, ஏமாற்றம், தயக்கம், உறுதி, பயன்படுத்து, பொருத்தமான, ஏறக்குறைய. ஒரு பிள்ளை 'வேறுபாடு' என்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டால் தமிழ், கணக்கு, அறிவியல் மூன்றிலும் கதவு திறக்கும்.

வாரத்துக்கு ஐந்து சொல் போதும். பள்ளி நடக்கும் நாற்பது வாரங்களில் அது இருநூறு சொல். மூன்று ஆண்டுகளில் அறுநூறு. அத்தனையும் பாடத்தைத் திறக்கும் சாவிகள்.

ஒரு சொல்லைக் கற்றுக்கொடுக்கும் முறை

'முயற்சி' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம்.

முதலில், பிள்ளை அதைக் கதையிலோ பாடத்திலோ ஒரு வரியில் கேட்க வேண்டும். தனிச் சொல்லாகக் கொடுக்கக் கூடாது.

இரண்டாவது, நம் பேச்சில் ஒரே வரியில் பொருள் சொல்லுங்கள்: "ஒரு காரியம் முடியுற வரைக்கும் விடாம செஞ்சு பார்க்கிறது முயற்சி."

மூன்றாவது, பிள்ளையின் வாழ்க்கையிலிருந்து எடுத்துக் காட்டுங்கள்: "நீ சைக்கிள் ஓட்டப் பழகினப்ப விழுந்து விழுந்து எந்திரிச்சியே, அது முயற்சி."

நான்காவது, பிள்ளையைப் பேச வைக்கும் கேள்வி கேளுங்கள். "முயற்சின்னா என்ன?" என்று கேட்டால் பிள்ளை மனப்பாடத்தைத் தேடும். அதற்குப் பதிலாக, "தூங்குறது முயற்சியா? எறும்பு தன்னைவிடப் பெரிய அரிசியை இழுக்குதே, அது முயற்சியா? ஏன்?" என்று கேளுங்கள். 'ஆம், இல்லை' என்று சொல்வதோடு 'ஏன்' என்பதற்கும் பிள்ளை பதில் சொல்லும்போதுதான் பொருளின் எல்லை அதற்குத் தெரியவரும்.

ஐந்தாவது, இடைவெளி விட்டுத் திரும்பக் கேளுங்கள். மறுநாள் ஒருமுறை, மூன்று நாள் கழித்து ஒருமுறை, ஒரு வாரம் கழித்து ஒருமுறை. ஒரே நாளில் இருபது முறை எழுதுவதைவிட நான்கு நாளில் நான்கு முறை பேசுவது நிலைக்கும்.

ஒன்று, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இவை எல்லாமே வாய்மொழியாக இருக்கட்டும். எழுதச் சொன்னால் கை வலியில் சொல் மறந்துபோகும். வேண்டுமானால் படம் வரையச் சொல்லுங்கள். பிள்ளை பேச்சுத் தமிழில் பதில் சொன்னால் கேலி செய்யாதீர்கள். "ஆமா, சரியாச் சொன்ன. புத்தகத்துல அதைக் கிணறுன்னு எழுதுவாங்க" என்று சேர்த்துச் சொன்னால் போதும். கேலிக்குப் பயந்து வாயை மூடிக்கொண்ட பிள்ளை, சொல் சேர்ப்பதையும் நிறுத்திவிடும்.

சொல்லுக்குள் இருக்கும் சொல்

மூன்றாம் வகுப்பிலிருந்து இன்னொரு வழியையும் பழக்கலாம். தமிழில் ஒரு சொல்லைப் பிடித்தால் அதன் குடும்பமே கூட வரும். நூல், அகம் சேர்ந்து நூலகம். 'கல்' என்ற வேரிலிருந்து கற்றல், கல்வி, கல்லூரி. நடவிலிருந்து நடை, நடத்தை. பள்ளிக்கூடமும் பள்ளிவாசலும் பிள்ளைக்குத் தெரியும். இரண்டிலும் 'பள்ளி' இருக்கிறதே என்று கேட்டுப் பாருங்கள், அது யோசிக்கத் தொடங்கிவிடும். அறமும் கட்டளையும் சேர்ந்து அறக்கட்டளை என்பதையும் சொல்லிக்கொடுக்கலாம்.

அம்மா கீரை ஆயும்போது பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். நல்லதையும் அழுகலையும் பார்த்துப் பார்த்துப் பிரிப்பதுதான் 'ஆய்தல்'. அதிலிருந்துதான் ஆய்வு, ஆய்வகம், ஆராய்ச்சி எல்லாம் வருகின்றன. சளி பிடித்தால் 'ஆவி' பிடிக்கிறோம். இட்லிப் பானையில் ஆவி வருகிறது. ஐந்தாறு வருடம் கழித்து அறிவியலில் 'நீராவி', 'ஆவியாதல்' என்று வரும்போது, அடுப்படியில் பேசிய பேச்சு பிள்ளைக்குக் கைகொடுக்கும்.

எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோர் என்ன செய்வது?

"எனக்கே எழுத்து தெரியாது, நான் எப்படிச் சொல்லிக்கொடுப்பேன்?" என்று தாய்மார்கள் கேட்பதுண்டு. சொல் என்பது முதலில் பேச்சில் இருக்கிறது. அந்தச் செல்வம் உங்களிடம்தான் அதிகம்.

மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் இருக்கும் நம் வ. புதுப்பட்டி, வத்திராயிருப்புப் பகுதியைச் சுற்றித் தென்னையும் நெல்லும் உண்டு. தென்னையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: பாளை, குரும்பை, இளநீர், வழுக்கை, தேங்காய், நெற்று, கொப்பரை. மரத்தில் மட்டை, ஓலை, கீற்று, ஈர்க்கு, பன்னாடை. உரித்தால் நார், உடைத்தால் சிரட்டை. ஒரே மரத்தில் பதினான்கு சொல். நெல்லில் நாற்று, நடவு, களை, கதிர், அறுவடை, உமி, தவிடு, வைக்கோல். நெல் வேறு, அரிசி வேறு, சோறு வேறு. ஆங்கிலத்தில் அரிசிக்கும் சோற்றுக்கும் 'ரைஸ்' என்ற ஒரே சொல்தான். அடுப்படியில் வதக்கு, வறு, பொரி, அவி, தாளி, துருவு, நறுக்கு, கீறு என்று எத்தனை வினைகள்! தோப்பு வேலை, வயல் வேலை செய்யும் பெற்றோர், தாங்கள் செய்யும் வேலையைப் பிள்ளையிடம் பெயர் சொல்லிச் சொல்லிப் பேசினாலே அது ஒரு பாடம்.

ஒவ்வொரு தாவரத்தின் உறுப்புக்கும் தனித்தனிச் சொல் வைத்திருப்பது தமிழின் வளம் என்று ஆராய்ந்து எழுதியவர் மொழிஞாயிறு தேவநேயப் பாவாணர் (1902–1981). மாமரத்துக்கு இலை, நெல்லுக்குத் தாள், கரும்புக்குத் தோகை, தென்னைக்கு ஓலை என்ற வேறுபாடு நம் பாட்டிமார்களுக்கு இயல்பாகத் தெரியும். பாவாணர் இளம் வயதில் ஆசிரியர் பணியைத் தொடங்கியது நம் இராஜபாளையம் அருகே உள்ள முறம்பில்தான். 1974-இல் தமிழக அரசு சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்தை அவர் பொறுப்பில் ஒப்படைத்தது. சொல்வளம் பற்றிய அவருடைய கட்டுரை பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் இடம்பெற்றிருக்கிறது. நம் பிள்ளைகள் அந்தப் பாடத்தைப் பத்தாம் வகுப்பில் மனப்பாடம் செய்யும் முன்பே, அதில் உள்ளதை நம் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியும்.

ஆகவே எழுத்து தெரியாத தாய், தகப்பன், நன்னி, பாட்டி யாராக இருந்தாலும் மூன்று காரியம் செய்யலாம். வேலை செய்யும்போது பிள்ளையோடு பேசுங்கள். "இன்னைக்குப் பள்ளிக்கூடத்துல என்ன புதுச் சொல் கேட்ட? எனக்குச் சொல்லிக்கொடு" என்று கேளுங்கள், உங்களுக்குக் கற்றுக்கொடுக்கும் பிள்ளை அந்தச் சொல்லை மறக்காது. வீட்டில் வாசிக்கத் தெரிந்த அக்கா, அண்ணன் யாராவது இருந்தால், இஷாவுக்குப் பிறகு டி.வி.யையும் செல்போனையும் நிறுத்திவிட்டுப் பத்து நிமிடம் கதை வாசிக்கச் சொல்லி எல்லாரும் கேளுங்கள்.

ஆங்கில வழிப் பிள்ளைகளும் உருது பேசும் வீடுகளும்

ஆங்கிலப் பள்ளியில் சேர்த்துவிட்டோம், இனி தமிழ்ச் சொல் எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். பிள்ளைக்குப் பொருள் எந்த மொழியில் விளங்கியதோ, அந்தப் பொருளின் மேல்தான் அடுத்த மொழியின் சொல்லை ஒட்ட முடியும். 'ஒப்பிடு' என்பது தெரிந்த பிள்ளைக்கு 'கம்பேர்' என்பது ஒரு புதுப் பெயர் மட்டுமே. தெரியாத பிள்ளைக்கு அதுவும் ஒரு ஸ்பெல்லிங்தான். டேபிள், ஃபேன், ஆப்பிள் என்று பெயர்ச் சொற்களை மட்டும் அடுக்குவது ஆங்கிலம் ஆகாது. ஆங்கிலப் பாடத்தில் வரும் சொல்லுக்கும் மேலே சொன்ன ஐந்து படிகளையே, தமிழில் பேசி விளக்கிச் செய்யலாம்.

வீட்டில் உருது பேசும் குடும்பங்களுக்கும் இதே பதில்தான். பள்ளிக்காக வீட்டு மொழியை நிறுத்த வேண்டியதில்லை. வீட்டு மொழியில் நிறையப் பேசி வளர்ந்த பிள்ளையிடம் பொருள் தயாராக இருக்கும். அதற்கான தமிழ்ச் சொல்லை மட்டும் நாள்தோறும் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள்.

கையருகே இருக்கும் உதவிகள்

அரசுப் பள்ளிகளில் 2022-இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் பிள்ளைகளின் நிலையை அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்றாகப் பிரிக்கிறார்கள். உங்கள் பிள்ளை எந்த நிலையில் இருக்கிறது, அடுத்த நிலைக்குப் போக வீட்டில் என்ன செய்யலாம் என்று ஆசிரியரிடம் கேளுங்கள். மதிப்பெண்ணை மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பாதீர்கள். 2023-இல் தொடங்கிய 'வாசிப்பு இயக்கம்' மூலம் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளில் எளிய கதைப் புத்தகங்கள் பள்ளிகளுக்கு வந்திருக்கின்றன. அவற்றைப் பிள்ளைகள் கையில் கொடுக்கும்படி ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்ளலாம்.

விடுதலை பெற்ற இந்தியாவில் பொது நூலகங்களுக்கு முதன்முதலாகச் சட்டம் இயற்றியது நம் மாகாணம்; ஆண்டு 1948. பக்கத்தில் உள்ள அரசு நூலகத்தில் பிள்ளையை உறுப்பினராகச் சேர்த்து, மாதம் இரண்டு கதைப் புத்தகமாவது எடுத்து வாருங்கள். மாலை வகுப்பு நடத்தும் ஆசிரியைகளுக்கு 'க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி' உதவும். 1992-இல் முதலில் வெளிவந்த அந்த அகராதி, சொல்லுக்குப் பொருளோடு எடுத்துக்காட்டு வாக்கியமும் தருகிறது. பிள்ளைக்கு வேண்டியது அந்த வாக்கியம்தான்.

ஜமாஅத்தும் அறக்கட்டளைகளும் நோட்டும் சீருடையும் வழங்குவது நல்ல காரியம். அத்துடன் மாலை வகுப்பில் இருபது நிமிடத்தைக் கதை வாசிப்புக்கு ஒதுக்கினால் செலவே இல்லாத உதவியாக அது இருக்கும். கல்லூரியில் படிக்கும் நம் பெண்பிள்ளைகள் வாரம் இரண்டு நாள் வந்து வாசித்துக் காட்டினால் போதும். ஐம்பது கதைப் புத்தகங்களும் ஒரு சின்ன அலமாரியும் இருந்தால் ஒரு மஹல்லாவின் பிள்ளைகளுக்கு இரண்டு வருடம் தாங்கும்.

இந்த வாரத்துக்கு ஐந்து சொல்

மீதம்: எடுத்தது போக இருப்பது. "பத்து முறுக்குல ஏழைத் தின்னாச்சு. மீதம் எத்தனை?"

ஒப்பிடு: இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார். "உன் செருப்பையும் தம்பி செருப்பையும் ஒப்பிடு. எது பெரிசு?"

வேறுபாடு: ஒப்பிட்டால் தெரியும் வித்தியாசம். "இளநீருக்கும் தேங்காய்க்கும் என்ன வேறுபாடு?"

விளைவு: ஒன்று நடந்ததால் பிறகு வருவது. "மழை பெய்யலைன்னா கண்மாய்க்கு என்ன விளைவு?"

பகிர்: உள்ளதை மற்றவருக்கும் கொடு. "பெருநாளைக்கு வந்த பலகாரத்தை யார் யாரோட பகிர்ந்துக்கிட்டோம்?"

நாளைக்கு ஒன்றாக ஐந்து நாளும் பேசுங்கள். அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போய் வந்த பிறகு, சாப்பிட உட்காரும்போது ஐந்தையும் வைத்துப் பிள்ளையையே கேள்வி கேட்கச் சொல்லுங்கள். பதில் சொல்ல வேண்டியது நீங்கள்.